அரசுப் பல்கலைக்கழகத்தின் கணக்கைப் படிப்பது எப்படி?

அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆண்டுக் கணக்கைத் திறந்ததும் கண் மொத்தத் தொகைக்குத்தான் போகும். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்ற கேள்வியோடு போனால்தான் கணக்கு பிடிபடும்.

படி 1: கையில் இருப்பது எது?

பட்ஜெட் என்றால் வரப்போகும் ஆண்டுக்கான மதிப்பீடு. தணிக்கை செய்த நிதி அறிக்கை என்றால் முடிந்த ஆண்டில் உண்மையில் நடந்தது. புதியவர்கள் இரண்டாவதிலிருந்து தொடங்கலாம்.

படி 2: வரவைப் பிரியுங்கள்

ஒரு பக்கம், பல்கலைக்கழகம் பெரும்பாலும் தன் விருப்பப்படி செலவழிக்கக்கூடிய பணம்: அரசின் பொது மானியம், கல்விக் கட்டணம். சம்பளமும் மின்கட்டணமும் முக்கியமாக இதிலிருந்துதான் போகும். இன்னொரு பக்கம், நிபந்தனையோடு வரும் பணம்: ஆய்வுத் திட்ட நிதி, இன்ன காரியத்துக்கு என்று எழுதிக் கொடுத்த நன்கொடை, அசலைத் தொடாமல் வருமானத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய அறக்கட்டளை மூலநிதி. விடுதி, உணவகம், வாகன நிறுத்தம் ஆகியவற்றின் வசூலைத் தனியாக வையுங்கள்; அது பெரும்பாலும் அவற்றை நடத்தவே போய்விடும்.

“இவ்வளவு நிதி இருக்கும்போது கட்டணத்தை ஏன் உயர்த்துகிறார்கள்?” என்ற கேள்விக்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது. புற்றுநோய் ஆய்வுக்கு வந்த நிதியில் தமிழ் ஆசிரியருக்குச் சம்பளம் போட முடியாது. ஆனால் நிர்வாகம் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் விடாதீர்கள். நிபந்தனையற்ற கையிருப்பு எவ்வளவு என்று தேடுங்கள். விவாதம் அந்த எண்ணைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

படி 3: கட்டணம்

பாடம் நடத்துவதற்கான கட்டணம்; நூலகம், ஆய்வகம், விளையாட்டு என்று எல்லோரிடமும் வாங்கும் கட்டாயக் கட்டணம்; பயன்படுத்துபவர் மட்டும் தரும் விடுதிக் கட்டணம் ஆகிய மூன்றும் வேறு வேறு. அறிவித்த கட்டணத்தை மாணவர் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால் கணக்கில் உள்ள தொகையோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். பல்கலைக்கழகமே தரும் கட்டணச் சலுகையைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் வரவாகக் காட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

படி 4: செலவை இரண்டு முறை படியுங்கள்

ஒரே செலவு இரண்டு விதமாக வகைப்படும். ஓர் அட்டவணை சம்பளம், ஓய்வூதியம், பொருள்கள், தேய்மானம் (கட்டடமும் கருவியும் பழசாவதால் குறையும் மதிப்பு) என்று போகும். இன்னொன்று கற்பித்தல், ஆய்வு, மாணவர் சேவை, நிர்வாகம், கட்டடப் பராமரிப்பு என்று போகும். பேராசிரியரின் சம்பளம் இரண்டிலும் இருக்கும், அதனால் கூட்டிவிடாதீர்கள். இரண்டின் மொத்தமும் ஒன்றாக வருகிறதா என்று மட்டும் சரிபாருங்கள்.

“கற்பித்தலுக்கு இவ்வளவு” என்பதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். வகுப்பும் எடுத்து ஆய்வும் செய்பவரின் நேரத்தைப் பிரிப்பதில் மதிப்பீடு கலந்திருக்கும்.

படி 5: ஓவர்ஹெட்

ஆய்வு நிதியோடு மின்சாரம், இடம், கணக்கு வேலை போன்றவற்றுக்காகச் சேர்ந்து வரும் தொகை இது. விகிதம் 50 சதவீதம் என்றால் பாதிப் பணம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நேரடிச் செலவு 100 என்றால் அதன்மேல் 50 சேர்ந்து மொத்தம் 150 ஆகும். ஓவர்ஹெட் அதில் மூன்றில் ஒரு பங்கு. கருவிகள் வாங்கும் செலவு போன்ற சிலவற்றை விகிதக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டால் பங்கு இன்னும் குறையும்.

படி 6: மூலதனச் செலவு

கட்டடம், பெரிய கருவி என்று பல ஆண்டுகள் பயன்படும் சொத்துக்கான செலவு இது. புதுக் கட்டடத்துக்கென்று வந்த பணம் கட்டடத்துக்கு மட்டுமே. அப்புறம், தேய்மானம் செலவாகப் பதிவானாலும் அந்த ஆண்டில் கையை விட்டுப் பணம் போவதில்லை.

அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் அறிக்கையைப் படிக்கிறீர்களா? “இயக்க நட்டம்” (அன்றாட நடவடிக்கைகளின் வரவைவிடச் செலவு கூடுதலாக இருப்பது) என்று பெரிய தொகை இருந்தால் பதற வேண்டாம். அங்குள்ள கணக்கு விதிப்படி மாநில அரசின் மானியம் அந்த வரிக்குக் கீழேதான் சேரும். இன்னும் சில வரிகள் தள்ளி, எல்லா வரவு செலவையும் சேர்த்த பிறகு நிற்கும் கூடுதலையோ குறைவையோ காட்டும் “நிகர நிலை மாற்றம்” என்ற இடத்தைப் பாருங்கள்.