ஹீட் பம்ப்புக்கு டக்ட் போடுவதும் காற்றைச் சரிசெய்வதும்

கேஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் 50, 60 டிகிரி செல்சியஸில் காற்றைத் தள்ளும். ஹீட் பம்ப்பிலிருந்து (ஏசி போலவே இயங்கி, குளிர்காலத்தில் திருப்பி ஓடி வீட்டைச் சூடாக்கும் மெஷின்) வரும் காற்று பெரும்பாலும் 35 முதல் 40 டிகிரிதான். சூடு குறைவாக இருப்பதால், அதே அறையைச் சூடாக்க அதிகக் காற்று போக வேண்டும். பழைய ஃபர்னஸின் ஒடுங்கிய டக்டிலேயே (காற்று போகும் குழாய்) புது மெஷினை மாட்டினால், கோளாறு டக்டில் இருக்க, பழி மெஷின்மேல் விழும். காற்று போதாவிட்டால் குளிரூட்டும்போது வீட்டுக்குள் இருக்கும் காயிலில் ஐஸ் கட்டும். சூடாக்கும்போது அழுத்தம் ஏறி, ஹை பிரஷர் ஸ்விட்ச் மெஷினை நிறுத்திவிடும். இந்த இரண்டுக்கும் முதல் வேலையாக மெஷினுக்குள் குளிரூட்டி கேஸ் ஏற்றுவது தவறு. முதலில் காற்றை அளக்க வேண்டும்.

அளவுக் கணக்கு

ஒரு டன் திறனுக்கு 350 முதல் 400 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்பது பொதுக் கணக்கு. 2 டன் மெஷினுக்கு 800 என்று வையுங்கள். இதை அறைகளுக்குச் சமமாகப் பங்கிடக் கூடாது; ஒவ்வோர் அறையின் வெப்பச் சுமைக்கேற்பப் பிரிக்க வேண்டும். மொத்தச் சுமையில் 15 சதவீதம் ஒரு படுக்கையறையுடையது என்றால், அதற்கு 120 சிஎஃப்எம் போக வேண்டும். 6 இன்ச் ஃப்ளெக்ஸ் டக்ட் (கம்பிச்சுருள் வைத்த, வளையும் குழாய்) நிம்மதியாகக் கடத்துவது 75 சிஎஃப்எம் அளவுக்குத்தான். அதனால் அந்த அறைக்கு 8 இன்ச் போடுங்கள். வளவளப்பான தகரக் குழாய் என்றால் அதே விட்டத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

டக்டை இழுத்துக் கட்டுவது

ஃப்ளெக்ஸ் டக்டை முழு நீளத்துக்கு இழுத்து நிறுத்துங்கள். மிச்சமிருப்பதை வெட்டி எறிய மனமில்லாமல் சுருக்கி விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உள்ளே கம்பிச்சுருள் நெருங்கி, சுவர் மடிப்பு மடிப்பாக நிற்கும். 15 சதவீதம் சுருங்கினாலே அழுத்த இழப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடக்கூடும். தாங்கு பட்டைகளை 4 அடிக்கு ஒன்றாகக் கட்டுங்கள்; இரண்டு பட்டைகளுக்கு நடுவே தொய்வு 2 இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது. பட்டையின் அகலம் ஒன்றரை இன்ச்சாவது இருக்கட்டும். மெல்லிய கம்பியில் தொங்கவிட்டால் அது டக்டின் கழுத்தை நெரித்துவிடும். வளைவில் உள்பக்க ஆரம் டக்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. அறையில் காற்று வெளிவரும் கிரில்லுக்கு மேலே இடமில்லை என்றால், டக்டை மடக்கித் திணிக்காமல் தகர எல்போ போடுங்கள்.

இணைப்பில் அவசரம் வேண்டாம். காலரின் (டக்ட் மாட்டும் தகர வளையம்) மேல் மாஸ்டிக் (மூட்டை அடைக்கும் பசை) தடவி, உள் உறையை ஓர் இன்ச்சுக்குக் குறையாமல் ஏற்றுங்கள். காலரில் ஓடும் மேட்டைத் தாண்டி நைலான் டை போட்டு, கையால் இழுப்பதோடு விடாமல் இறுக்கும் கருவியால் முறுக்குங்கள். பிறகு இன்சுலேஷனைக் காலரின் அடிவரை தள்ளி, வெளி உறையைத் தனியாக இன்னொரு டையால் கட்டி, விளிம்பை ஃபாயில் டேப்பால் மூடுங்கள். வெளி உறையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் குளிரூட்டும் காலத்தில் ஈரக்காற்று அதன் வழியே நுழைந்து, இன்சுலேஷன் நனைந்து, சீலிங்கில் கறை விழும். தகரக் குழாய்களில் நெளிவு போட்ட முனை காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். மூட்டுக்கு மூன்று ஸ்க்ரூ, அதன் மேல் மாஸ்டிக். துணி டேப்பை நம்பாதீர்கள், சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும்.

ரிட்டர்ன்

அறைகளுக்குக் காற்று போகும் சப்ளை பக்கம் எவ்வளவு கவனமாகப் போட்டாலும், திரும்பி வரும் வழி குறுகலாக இருந்தால் உழைப்பு வீண். ரிட்டர்ன் கிரில்லின் ஒரு சதுர இன்ச்சுக்கு 2 சிஎஃப்எம் என்று கணக்கு வைத்தால், 800 சிஎஃப்எம்முக்கு 400 சதுர இன்ச், அதாவது 20-க்கு 20 அளவு ஒன்று வேண்டும். பில்டரும் அதே அளவில் இருக்கட்டும். அடர்த்தி அதிகமான பில்டர் வேண்டும் என்றால் பரப்பைக் கூட்டுங்கள்.

படுக்கையறைக் கதவைச் சாத்தினால் காற்று எப்படித் திரும்பும் என்றும் பாருங்கள். 30 இன்ச் கதவின் அடியில் ஓர் இன்ச் இடைவெளி விட்டாலும், மெல்லிய அழுத்தத்தில் சுமார் 55 சிஎஃப்எம்தான் வெளியேறும். 120 போகும் அறைக்கு அது பாதிகூட இல்லை. கதவுக்கு மேலே ட்ரான்ஸ்ஃபர் கிரில்லோ, சீலிங் வழியே நடைக்கு ஒரு சிறு டக்டோ தேவை. கதவைச் சாத்தி, மேனோமீட்டர் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) குழாயை அடியில் செருகிப் பாருங்கள். 3 பாஸ்கலுக்குள் இருந்தால் நல்லது.

அளந்து சரிசெய்வது

பில்டர் புதிதாக, எல்லா டாம்பரும் (டக்டுக்குள் காற்றைக் குறைக்கும் தடுப்பு) திறந்தபடி ப்ளோயரை ஓடவிடுங்கள். பில்டருக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு துளை, மெஷினைத் தாண்டி சப்ளை பிளீனத்தில் (மெஷினை ஒட்டிய காற்றுப் பெட்டி) ஒரு துளை போடுங்கள். காயில் இருக்கும் பெட்டியில் ட்ரில் பிட்டைக் கொண்டுபோகாதீர்கள், காயில் ஓட்டையாகிவிடும். இரண்டு துளையிலும் அழுத்தத்தை அளந்து, மைனஸ் 60, ப்ளஸ் 55 என்று வந்தால் மொத்தம் 115 பாஸ்கல். பல ஏர் ஹேண்ட்லர்களுக்கு (ப்ளோயரும் காயிலும் உள்ள உள் மெஷின்) வரம்பு 125; உங்கள் மெஷினின் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மைனஸ் 95, ப்ளஸ் 30 என்று வந்தால் ரிட்டர்னில்தான் நெரிசல்.

காற்றளவைத் தெரிந்துகொள்ள, துணை எலக்ட்ரிக் ஹீட்டர் இருந்தால் ஒரு எளிய வழி உண்டு. கம்ப்ரஸரை நிறுத்தி, ஹீட்டரை மட்டும் ஓடவிடுங்கள். வாட்ஸை 1.76-ஆல் பெருக்கி, சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் உள்ள செல்சியஸ் வித்தியாசத்தால் வகுத்தால் சிஎஃப்எம் கிடைக்கும். 5,000 வாட்ஸ், 11 டிகிரி வித்தியாசம் என்றால் 800. தெர்மாமீட்டரை முதல் வளைவுக்கு அப்பால் வையுங்கள். ஹீட்டரை நேரே பார்த்தால் தப்பாகக் காட்டும்.

அடுத்து, ஒவ்வொரு கிரில்லிலும் அளந்து, வேண்டிய அளவில் எத்தனை சதவீதம் வருகிறது என்று எழுதுங்கள். மிகக் குறைவாக வரும் அறையின் டாம்பரைத் தொடாதீர்கள். அதிகமாக வரும் அறைகளிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, எல்லாம் ஒரே சதவீதத்துக்கு அருகே வரும்வரை திரும்ப அளந்துகொண்டே போங்கள். ஒன்றை மூடினால் மற்றவை எல்லாம் மாறும் என்பதால் இரண்டு மூன்று சுற்றாவது ஆகும். டாம்பர்கள் மெயின் டக்டை ஒட்டியே இருக்கட்டும். கிரில்லில் மூடினால் விசில் சத்தம் வரும்.

கடைசியில் அழுத்தத்தை மீண்டும் பாருங்கள். வரம்பைத் தாண்டியிருந்தால் மூடியதில் சிலவற்றைத் திறந்து, ப்ளோயர் வேகத்தைக் கன்ட்ரோல் போர்டில் திருத்துங்கள். மாடி வீட்டில் சூடான காற்று மேலேறும் என்பதால் குளிர்காலத்துக்கு ஒரு நிலை, கோடைக்கு ஒரு நிலை என்று டாம்பர் கைப்பிடியின் அருகே மார்க்கரால் இரண்டு கோடு போட்டுவையுங்கள்.