வாடைக் காலத்தில் கடலோரத் தூண்டில்: மதுரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

கண்மாயில் விரால், கெண்டை, ஜிலேபி என்று பிடித்துப் பழகியவர்கள் நாம். அதே பழக்கத்தோடு மார்கழியில் ராமநாதபுரம் கடலோரம் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். கண்மாய்த் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், மீன் கிடக்கும் மூலையை ஒருமுறை கண்டுபிடித்தால் போதும்; கடலோரத்திலோ காற்றும் நீரோட்டமும் மழைத் தண்ணீரும் சேர்ந்து மீனை நகர்த்திக்கொண்டே இருக்கும். அதனால் பாதி வேலையைத் தூண்டிலைத் தொடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

1. காற்றைப் பார்த்துக் கரையை முடிவு செய்யுங்கள்

ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். ராமநாதபுரத்துக்கு இரண்டு பக்கமும் கடல் இருப்பது நமக்குப் பெரிய வசதி. தேவிபட்டினம், தொண்டி பக்கம் பாக் விரிகுடா. கீழக்கரை, சேதுக்கரை பக்கம் மன்னார் வளைகுடா. பாம்பன், மண்டபத்தில் முன்னதை வடகடல், பின்னதைத் தென்கடல் என்பார்கள். வாடை வடகடலில் நேராக மோதும், அங்கே ஆழமும் குறைவு என்பதால் அடிச்சேறு கிளம்பித் தண்ணீர் கலங்கி, கடல்புல் கரையெல்லாம் ஒதுங்கிக் கிடக்கும். அதே நாளில் தென்கடலுக்குக் காற்று தரையைத் தாண்டித்தான் வர வேண்டும், ஆகவே கரையோரம் அமைதியாக இருக்கும்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு தை மாதக் காலையில். தேவிபட்டினத்தில் விடிந்ததிலிருந்து எறிந்தும் புல்லைத் தவிர ஒன்றும் வரவில்லை. வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், "வாடை இந்தப் போடு போடுறப்ப இங்க நின்னு என்ன செய்யப்போறீங்க தம்பி, தெக்க போங்க" என்றார். மதியம் கீழக்கரைப் பக்கம் போய்ப் போட்டோம், அரை மணி நேரத்தில் முதல் கிழங்கான் ஏறியது.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், அது 1ஆம் எண்ணாகவே இருந்தாலும், கிளம்பாதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இதே பருவத்தில்தான் வந்தது.

2. தண்ணீர் ஓடும் நேரத்துக்குப் போங்கள்

கடல் தண்ணீர் நாளுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும்; அதுதான் ஏற்றம், வற்றம். நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது, ஆனால் குறுகலான ஆற்றுவாயில் அந்தக் கொஞ்சமே நல்ல ஓட்டத்தைக் கொடுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் கூடும், அஷ்டமி வாக்கில் மந்தமாகும். காலண்டர் பார்த்து நாளைக் குறியுங்கள்.

3. மழை பெய்த பிறகு கழிமுகம்

எனக்குப் பிடித்த இடம் இதுதான். நம் வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்ந்து, அங்கே மிஞ்சும் தண்ணீர்தான் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலைத் தொடுகிறது. நல்ல மழை பெய்த வருடத்தில் அந்தத் தண்ணீர் இறாலையும் மடவைக் குஞ்சையும் வெளியே தள்ளிக்கொண்டு வரும், அவற்றைப் பிடிக்கக் கொடுவா வாயிலில் காத்திருக்கும். நன்னீருக்கு எடை குறைவு என்பதால் அது மேலே மிதக்கும், உப்புநீர் அடியில் கிடக்கும். ஆகவே இரையைத் தரையோடு விடுங்கள். செம்மண் நிறத் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சேரும் கோடு கண்ணுக்குத் தெரியும், அந்தக் கோட்டின் ஓரத்தில் போடுங்கள். வற்றம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தை விடாதீர்கள். வெள்ளம் கரைபுரண்டு வரும் நாளில் மட்டும் ஆற்றுவாய்ப் பக்கம் போகவே வேண்டாம்.

4. தூண்டில் கட்டுவது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கிழங்கானைக் குறிவையுங்கள். அதற்கு வாய் சின்னது, மணலில் புழு தேடித் தின்னும். 8 அல்லது 10ஆம் எண் தூண்டில் முள் போதும் (எண் கூடக்கூட முள் சின்னதாகும், 1/0, 2/0 என்று போனால் பெரிதாகும், கடையில் குழம்பாதீர்கள்). ஈயக்குண்டைத் தூண்டில் நரம்பில் நகரும்படி கோத்து, கீழே சுழலி (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சின்ன இணைப்பு), அதற்குக் கீழே ஒன்றரை அடி நரம்பு, நுனியில் முள். நரம்பை முள்ளின் காதுக்குள் விட்டு ஐந்தாறு சுற்று முறுக்கி, நுனியை முதல் வளையத்துக்குள் நுழைத்து, எச்சில் தொட்டு மெல்ல இறுக்குங்கள். ஈரமில்லாமல் இழுத்தால் நரம்பு சூடாகி அங்கேயே பலம் போய்விடும். இறால் துண்டை மாட்டி எறிந்து, தரையோடு மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள்.

கொடுவாவுக்கு 3/0 முள், உயிர் இறால். கொம்புக்குக் கீழே, உள்ளே தெரியும் கரும்புள்ளியில் படாமல் முள்ளை ஏற்றினால் இறால் நெடுநேரம் துடிக்கும். முள்ளுக்கு மேலே இரண்டு முழத்துக்குத் தடித்த நரம்பு கட்டாயம், அதன் செவுள் மூடி கத்தி மாதிரி அறுத்துவிடும்.

5. காலும் கையும்

தண்ணீரில் இறங்கினால் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்தபடி நடங்கள், திருக்கை இருந்தால் விலகிவிடும். கெளுத்தி, ஓரா இரண்டு மீனுக்கும் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, வெறுங்கையால் பிடிக்காதீர்கள். குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான வெந்நீரில் கையை முக்கி வைத்து, அப்புறம் மருத்துவரிடம் போங்கள். பேத்தை மீன் மாட்டினால் கடலிலேயே விட்டுவிடுங்கள், எவ்வளவு வேகவைத்தாலும் அதன் விஷம் போகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே இறங்கக் கூடாது. கரையில் வலை போட்டிருக்கிறவர்களிடம் "அண்ணே, இங்க போடலாமா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள், அது அவர்களுடைய பிழைப்பு.

6. ஊருக்குக் கொண்டுவருவது

சின்னக் கொடுவாவைத் திரும்ப விட்டுவிடுங்கள். கொடுவா ஆணாகவே வளர்ந்து, பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறி முட்டையிடும். வைத்துக்கொள்ளும் மீனைக் கரையிலேயே குடலெடுத்துக் கழுவி, மீன் எடைக்குச் சமமாக உடைத்த ஐஸ் போட்டு மூடுங்கள். பரமக்குடியில் டீக்கு நிறுத்தும்போது உருகிய தண்ணீரை வடித்துவிட்டு, ஐஸ் குறைந்திருந்தால் அங்கேயே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.