பல்கலைக்கழகத்தில் திறந்த அணுக்கக் கொள்கை: வாசகம் முதல் நடைமுறை வரை

திறந்த அணுக்கம் என்றால் ஆய்வுக் கட்டுரைகளை யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்க விடுவது; களஞ்சியம் என்பது அவற்றைப் பல்கலைக்கழகம் சேர்த்துவைக்கும் இணையத் தளம். "கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று கொள்கை எழுதினால் களஞ்சியம் காலியாகவே கிடக்கும். ஹார்வர்டின் கலை, அறிவியல் புலம் 2008-இல் ஏற்ற வழி வலுவானது. கொள்கைக்குப் பின் எழுதும் ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரைக்கும், அதை வெளியிடும் உரிமத்தைக் கட்டுரையாளர் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே தந்துவிடுகிறார், பதிப்புரிமை அவருடையதுதான். பதிப்பாளரோடு ஒப்பந்தம் போடும் முன்பே இந்த உரிமம் வந்துவிடுவதால், பிறகு இதழ் இதழாக அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை.

விலக்குப் பிரிவு கட்டாயம் வேண்டும். இதழ் இந்த உரிமத்தை ஏற்க மறுத்தால், கட்டுரையாளர் கேட்டவுடன் அந்தக் கட்டுரைக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். இது இல்லாவிட்டால் புலக்கூட்டத்தில் கொள்கையே தோற்கும். விலக்கு உரிமத்துக்குத்தான், பிரதியை ஒப்படைப்பதற்கு அல்ல. குறிப்பிட்ட காலம் வரை இலவசமாக வெளியிடக் கூடாது என்று இதழ் தடைக்காலம் விதித்திருந்தால், அதுவரை கோப்பைப் பூட்டிவைத்து, தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் காட்டுங்கள்.

மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட இறுதிக் கைப்பிரதியை, ஏற்புக் கடிதம் வந்த கையோடு வாங்கிவிடுங்கள். தாமதித்தால் பலரிடம் இதழ் வடிவமைத்த பிடிஎஃப் மட்டுமே மிஞ்சும். அதை வெளியிடப் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. பதிவேற்றும் வேலையை நூலகம் ஏற்பது நல்லது.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் போல, பதவி உயர்வுக்குக் களஞ்சியத்தில் உள்ள கட்டுரைகளை மட்டுமே கணக்கில் எடுங்கள். நினைவூட்டல் மின்னஞ்சல்களால் ஆகாதது இதனால் ஆகும்.