பதில் வராத நேரத்துப் பதற்றம்

கணவரிடமிருந்து பதில் வரத் தாமதமானால் எனக்கு நெஞ்சு படபடக்கும். நீல டிக் விழுந்தும் பதில் இல்லையென்றால் கேள்வி மேல் கேள்வியாக அனுப்புவேன். அவர் இன்னும் ஒதுங்குவார். நெருக்கமானவர் நமக்குத் துணையாக இருப்பார் என்ற நம்பிக்கைதான் பாதுகாப்பாக உணரவைக்கிறது, அது ஆட்டம் கண்டால் சிலர் பதறுவார்கள், சிலர் விலகுவார்கள் என்பது பிணைப்புக் கோட்பாடு. மனநல மருத்துவர் ஜான் பௌல்பி குழந்தைகளை வைத்துச் சொன்ன இதை, 1987-இல் உளவியலாளர்கள் ஹேசனும் ஷேவரும் காதல் உறவுக்கும் பொருத்திக் காட்டினார்கள். அதைப் படித்தபோதுதான் புரிந்தது: நான் துரத்துவதும் அவர் விலகுவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

இப்போதெல்லாம் படபடப்பு வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூச்சை மெதுவாக விடுவேன். அப்புறம், "ஏன் பதில் இல்லை?" என்று கேட்காமல், "கொஞ்சம் பயமாக இருக்கிறது, முடிந்தபோது கூப்பிடுங்கள்" என்று ஒரே வரி. வேலையில் மாட்டிக்கொண்டால் அவரும் "ராத்திரி பேசலாம்" என்கிறார், சொன்னபடி பேசுகிறார். எனக்குப் பெரிய மருந்து அதுதான். படபடப்பு இன்னும் வருகிறது, ஆனால் சீக்கிரம் அடங்கிவிடுகிறது.