வேலூர் வெயிலுக்கும் புழுதிக்கும் தாங்கும் கணினிக் கேபினெட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சித்திரை பிறந்துவிட்டால் நாளிதழ்களில் ‘வேலூரில் வெயில் சதமடித்தது’ என்ற செய்தி வரத் தொடங்கிவிடும். அந்தச் சதம் ஃபாரன்ஹீட் கணக்கில் 100 டிகிரி. செல்சியஸில் ஏறத்தாழ 38. மே 4 முதல் 28 வரையிலான கத்திரி நாள்களில் அது 40ஐத் தாண்டுவதும் இங்கே புதிதல்ல. மொட்டை மாடிக்கு நேர் கீழேயுள்ள அறையில், ஏசி இல்லாமல் மேசைக் கணினியை வைத்து வேலை செய்பவர்கள், கணினியின் பாகங்களை அடக்கும் பெட்டியான கேபினெட்டை வாங்கப் புறப்படும் முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எத்தனை ஃபேன் பூட்டினாலும், எந்தக் கேபினெட்டும் உள்ளேயிருக்கும் பாகங்களை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்கிவிட முடியாது. அறை 25 டிகிரியில் இருக்கும்போது 75 டிகிரியில் ஓடும் பிராசஸர், அதே வேலையை 38 டிகிரி அறையில் செய்தால் ஏறத்தாழ 88ஐத் தொடும். இன்றைய இன்டெல் மேசைக் கணினி பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரியும், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரியும் எல்லை. எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். யூடியூபில் கேபினெட்டுகளைச் சோதித்துக் காட்டுபவர்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில்தான் சோதிக்கிறார்கள் என்பதால், அவர்கள் காட்டும் வெப்ப அளவை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

வேலூரைப் பற்றி ஊரார் சொல்லும் பழைய சொலவடையில் ‘நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை’ என்று இரண்டு வரும். கணினி வைத்திருப்பவருக்கு இரண்டுமே கணக்கில் கொள்ள வேண்டியவை. ஊரைச் சூழ்ந்த மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் திருப்பித் தருவதால், மாலையிலும் அறை எளிதில் தணிவதில்லை. வறண்ட பாலாற்று மணலும் சாலைப் புழுதியும் காற்றோடு ஜன்னல் வழியே வந்து படிகின்றன. ஆகவே இங்கே நல்ல கேபினெட் என்பது தாராளமாக மூச்சு விடுவதாகவும், அந்த மூச்சோடு வரும் தூசியை வாசலிலேயே நிறுத்துவதாகவும் இருக்க வேண்டும். விளக்கு, கண்ணாடி, நிறம் ஆகிய மற்றவையெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கம். குளிர்ந்த காற்று உள்ளே வரும் பெரிய வாசல் அதுதான். நான் முதன்முதலில் காசு சேர்த்து வாங்கிய கேபினெட்டின் முன்பக்கம் முழுவதும் கறுப்புக் கண்ணாடி; உள்ளே வண்ண விளக்கோடு மூன்று ஃபேன்கள் அழகாகச் சுழன்றன. ஆனால் அந்த மூன்றும் காற்றை இழுப்பதற்கு இருந்த வழி, கண்ணாடியின் ஓரத்தில் விரல் நுனிகூட நுழையாத ஒரு சந்து மட்டுமே. ஒரு மே மாத மதியம், வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது ஃபேன்கள் அலறத் தொடங்கின. என்ன செய்வதென்று தெரியாமல் முன்பலகையைக் கையால் பிடித்து இழுத்துக் கழற்றி வைத்தேன். சில நிமிடங்களில் அலறல் அடங்கிவிட்டது. கழற்றிய பலகையின் உட்புறச் சந்தில், பருத்திப் பஞ்சை நனைத்து ஒட்டியது போலச் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. ஃபேன்கள் நல்லவையாகவே இருந்தும் அவற்றுக்கு இழுக்கக் காற்று கிடைக்கவில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

எனவே முன்பக்கம் முழுவதும் உலோக மெஷ்ஷாக, அதாவது நுண்துளைத் தகடாக, இருக்கும் கேபினெட்டையே தேர்ந்தெடுங்கள். மெஷ் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. சில வகைகளில் வெளியே மெஷ் போலத் தெரிந்தாலும், அதன் பின்னால் பாதியை அடைக்கும் பிளாஸ்டிக் தட்டு இருக்கும். கடையில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முன்பலகையைக் கழற்றச் சொல்லி, அதன் பின்புறத்திலிருந்து கைப்பேசியின் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பலகை முழுவதும் ஒளி பரவலாகக் கசிந்தால் காற்றும் நுழையும். நடுவில் இருட்டுத் திட்டுகள் தெரிந்தால் அந்த இடங்களில் காற்று முட்டி நிற்கும். காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வாங்குபவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வெட்கப்படத் தேவையில்லை. இணையத்தில் வாங்குவதாயின், முன்பலகை கழற்றிய நிலையில் எடுத்த படம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

எத்தனை ஃபேன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சேர்ந்து 300 வாட் செலவழிக்கும் கணினி, அந்த 300 வாட்டையும் வெப்பமாகவே வெளியே விடுகிறது. கேபினெட்டுக்குள் காற்று அறையைவிட 5 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 கன மீட்டர் காற்று அதன் வழியே கடந்து போக வேண்டும். 10 டிகிரி வரை பரவாயில்லை என்றால் அதில் பாதி போதும். வழக்கமான 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று, தடை எதுவும் இல்லாதபோது, நிமிடத்துக்கு ஒன்றரை கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளும். மெஷ்ஷும் ஃபில்டரும் எதிரே நின்றால் அதிலும் கணிசமாகக் குறையும். ஆகவே இத்தகைய கணினிக்கு முன்னால் இரண்டு அல்லது மூன்று ஃபேன்களும் பின்னால் ஒன்றும் தேவை. கிராபிக்ஸ் கார்டு இல்லாத, அலுவலகக் கணக்கு வேலைக்கான கணினிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்பதே தாராளம். இடம் இருந்தால் 140 மில்லிமீட்டர் ஃபேனைப் போடுங்கள்; பெரிய இறக்கை மெதுவாகச் சுழன்றும் அதே காற்றைத் தள்ளுவதால் இரைச்சல் குறையும். நான்கு ஊசி (4-pin) இணைப்புள்ள ஃபேன்களாக இருந்தால் வெப்பத்துக்கு ஏற்ப வேகத்தை மதர்போர்டே நுட்பமாகக் கட்டுப்படுத்தும்.

ஃபேனைப் பூட்டும் திசையில் பலரும் தவறுகிறார்கள். ஃபேனின் நடுப்பகுதியைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, வழக்கமாக அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். சிலவற்றின் விளிம்பில் அம்புக்குறியும் இருக்கும். முன்னால் இருப்பவை காற்றை உள்ளே இழுக்க, பின்னால் இருப்பது வெளியே தள்ள வேண்டும். மேற்கூரையில் ஒன்று போட விரும்பினால் பின்மூலையை ஒட்டிப் போடுங்கள். முன்மூலையில் போட்டால், முன்னால் அப்போதுதான் நுழைந்த புதுக்காற்றை அது பிராசஸரைச் சேரும் முன்பே உறிஞ்சி வெளியே எறிந்துவிடும். உள்ளே இழுக்கும் காற்று, வெளியே தள்ளும் காற்றைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது நம் ஊருக்கு மிகவும் ஏற்றது. அப்படி இருந்தால் கேபினெட்டின் சந்துபொந்துகள் வழியே காற்று வெளியே கசியும். வெளியே தள்ளுவது அதிகமானால், ஃபில்டர் இல்லாத ஒவ்வொரு துளை வழியாகவும் புழுதி உள்ளே உறிஞ்சப்படும்.

டஸ்ட் ஃபில்டரை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். எவ்வளவு நல்ல மெஷ்ஷானாலும் தூசி அடைத்த பிறகு அது கண்ணாடிக்குச் சமம்தான். முன்னால், மேலே, கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கீழே என்று மூன்று இடங்களிலும் கழற்றி மாட்டக்கூடிய ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, ஒரு கையால், ஸ்குரூ டிரைவர் இல்லாமல், கேபினெட்டை நகர்த்தாமல் அவற்றை வெளியே எடுக்க முடிகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபில்டர் பின்பக்கமாக மட்டும் உருவும்படி இருந்தால், ஒயர்களையெல்லாம் கழற்றிச் சுவரிலிருந்து கேபினெட்டை இழுத்தால்தான் அது கைக்கு வரும். அப்படியொரு வேலையை மாதந்தோறும் யாரும் செய்ய மாட்டார்கள். முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ உருவக்கூடியதை வாங்குங்கள். நைலான் வலை ஃபில்டரைக் குழாயடியில் கழுவி, நிழலில் முழுவதும் உலர்த்திய பிறகு மாட்டலாம். கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டியிருக்கும். உள்ளே ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றடியில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

அளவுகளைப் பொறுத்தவரை, நீங்கள் வாங்கப்போகும் கிராபிக்ஸ் கார்டின் நீளத்தையும் பிராசஸரின் மேல் பொருத்திக் குளிர்விக்கும் கூலரின் உயரத்தையும் கேபினெட்டின் விவரத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். கூலருக்கு 160 மில்லிமீட்டருக்கு மேல் உயரம் கிடைத்தால் பெரும்பாலான நல்ல காற்றுக் கூலர்கள் அடங்கிவிடும். மதர்போர்டுத் தகட்டுக்குப் பின்னால் ஒயர்களைச் செருக இரண்டு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஒயர்கள் எல்லாம் காற்றின் பாதையில் வந்து விழும். பக்கவாட்டுக் கண்ணாடியால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடியாக, மீன்தொட்டி போல வரும் கேபினெட்டுகள் பலவும் தரையை ஒட்டிய அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுப்பவை. ஏசி இல்லாத, அடிக்கடி பெருக்கித் துடைக்கும் வீட்டுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிராசஸருக்குத் தண்ணீர்க் கூலர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு; சூட்டை வெளியேற்றும் அதன் ரேடியேட்டரும் இதே அறைக் காற்றை நம்பித்தான் இருக்கிறது.

நல்ல கேபினெட்டையும் வைக்கும் இடம் கெடுத்துவிடும். கணினி மேசைகளில் ‘சிபியூ வைக்கும் இடம்’ என்று மூன்று பக்கமும் பலகையடித்து விடுகிறார்களே, அதற்குள் வைத்தால் பின்னால் வெளியேறும் சூடான காற்றே சுற்றிவந்து முன்னால் நுழையும். பின்பலகையைக் கழற்றிவிடுங்கள், அல்லது கேபினெட்டை வெளியே எடுத்து, துடைப்பத் தூசி எட்டாத உயரத்தில், ஒரு முக்காலியின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஏர் கூலர் ஓடும் அறையானால் அதன் நேர்முகத்தில் வைக்காதீர்கள். தெறிக்கும் நீர்த்திவலையும் அதிலுள்ள உப்பும் மதர்போர்டுக்கு ஆகாது.

எல்லாம் பூட்டி முடித்த பிறகு, திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வெயில் ஏறிய ஒரு மதியத்தில், கணினிக்கு அரை மணி நேரம் கடுமையான வேலை கொடுத்து, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் முன்பலகையை மட்டும் கழற்றி வைத்து, அதே வேலையை இன்னும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வேறுபாடு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் உங்கள் கேபினெட் நன்றாக மூச்சு விடுகிறது. அது ஏழு எட்டு டிகிரி என்றால், பலகைதான் காற்றை அடைக்கிறது. அட்டைப் பெட்டியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படுங்கள்.