குளோரியோசம் தண்டு அழுகியது: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள வீட்டில் ஜன்னலோரம் இருந்த, வெல்வெட் போன்ற இலை கொண்ட அலங்காரச் செடியான பிலோடென்ட்ரான் குளோரியோசத்தின் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகின. உரக்குறை இல்லை; தண்டு மண்ணுக்குள் புதைந்திருந்ததுதான் காரணம். கொலம்பியாவைச் சேர்ந்த இது கொடியாக ஏறாது, தரையில் ஊர்ந்து போகும். தண்டை மூடினால், அதுவும் நம்மூர்ப் புழுக்கத்தில், அழுகாமல் என்ன செய்யும்?

செடியை எடுத்து வேரைக் கழுவினேன். ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால், வெள்ளைச் சதை தெரியும்வரை அழுகலை வெட்டி, வெட்டிய இடத்தில் கரித்தூள் தடவி, நிழலில் 4 மணி நேரம் காயவிட்டேன். கலவை: தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, உடைத்த அடுப்புக்கரி 1, பெர்லைட் (கலவை இறுகாமல் இருக்கச் சேர்க்கும் வெள்ளை, லேசான கல் துகள்) 1. மட்டையை முதலில் 2 நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றினால் உப்பு இறங்கும். தோட்டத்துச் செம்மண் வேண்டவே வேண்டாம், இறுகிவிடும்.

பூச்சட்டி நீளமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும். செடியை ஒரு ஓரத்தில், வளரும் நுனி சட்டியின் நீளவாக்கில் பார்க்கும்படி படுக்கவைத்தேன். வேர் உள்ளே, தண்டு மேலே. மேல் 3 சென்டிமீட்டர் காய்ந்த பிறகே தண்ணீர். இலைமேல் தெளிக்காதீர்கள், அதன் வெல்வெட் பரப்பில் கறை நிற்கும்.

5 வாரத்தில் குருத்து வந்தது. ஏர்கோன் காற்று நேரே பட்டதால் முதல் இலை உறையிலேயே சிக்கிக் கிழிந்தது. சட்டியை நகர்த்தியபின் அடுத்தது ஒழுங்காக விரிந்தது.