அஞ்சடியை அடைத்துவிட்டு விசிறி வாங்காதீர்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மத்தியானம் 2 மணிக்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் நடந்து பாருங்கள். கடைகளுக்கு முன்னால் கூரைக்கடியில் போகும் நடைபாதையான அஞ்சடியில் கால் வைக்க இடமில்லை. சேலை மாட்டிய ஸ்டாண்டு, அட்டைப்பெட்டி, மோட்டார் சைக்கிள். வருகிறவர்கள் தார் ரோட்டில் இறங்கி வெயிலில் போகிறார்கள். கைப்பிள்ளையோடு வந்த அம்மா ஒரு கடையோடு போதும் என்று திரும்பிவிடுகிறார். ஆள் வரத்து குறைந்துவிட்டது என்று கடைக்காரர்களாகிய நாம் வருந்துகிறோம். அவர்கள் நிழலைப் பறித்ததே நாம்தான். இருக்கும் தவறுகளில் பெரியது இதுதான்.

1822-இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டமே கடைகளுக்கு முன்னால் கூரையோடு தொடர்ச்சியான நடைபாதை விடச் சொன்னது. மழைக்கும் வெயிலுக்கும் ஒரே பதிலாக அது பினாங்கிலும் நிலைத்துவிட்டது.

வெப்பமானியை நம்பி முடிவெடுப்பது அடுத்த தவறு. அஞ்சடியில் 32 டிகிரி என்றால் தெரு நடுவிலும் ஏறக்குறைய அதேதான் காட்டும். உடம்புக்கு அப்படி இல்லை. தலைக்கு மேல் வெயில், காலடியில் 50 டிகிரியைத் தாண்டக்கூடிய தார், பக்கத்தில் காய்ந்த சுவர் என்று மூன்று பக்கமும் அனல் அடிக்கிறது. நிழல் விழுந்தால் மூன்றும் தணியும். தரைக்கு வெளிர் நிறக் கல் பதித்தால் தரை சூடேறுவது குறையும், உண்மைதான். ஆனால் நிழலில்லாத இடத்தில் அந்த ஒளி திரும்பி நடப்பவர் மேலேயே விழும். வெள்ளை நிறம் கூரைக்குத்தான் பொருத்தம்.

நிழல் வேண்டுமென்று தெரு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்டு மூடிவிடுகிறவர்களும் உண்டு. சூடான காற்று மேலே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கும், கூரையின் அடிப்பக்கமும் அனல் கக்கும். கூரையை உயர்த்தி, நடுவில் இடைவெளி விடுங்கள். இந்த ஈரப்பதத்தில் வியர்வை காய்வதே காற்று ஓடுவதால்தான். மார்க்கெட் ஸ்ட்ரீட் கடலை நோக்கிப் போகிற தெரு. பிற்பகலில் கடற்காற்று நுழையும் வழியைப் பெரிய பேனர் கட்டி மறைக்காதீர்கள்.

நீர்த்தூவல் விசிறி வறண்ட ஊருக்கு நல்லது. இங்கே அது ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரத்தைச் சேர்க்கும், பட்டுச் சேலையும் நமுத்துப் போகும். வெறும் விசிறியே போதும். ஏர்கோனின் வெளிப்பெட்டியை அஞ்சடிப் பக்கம் திருப்பி வைக்கவே வேண்டாம்.

சாயங்கால வெயில் வேறு கதை. 4 மணிக்குமேல் அது சாய்வாக வருவதால், மேற்கு பார்த்த கடைகளுக்குத் தலைக்கு மேலுள்ள கூரை உதவாது. மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டு, தேவைக்கு இறக்கி ஏற்றலாம். 2008 முதல் நம் லிட்டில் இந்தியா இருக்கும் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலம். முகப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாத கடைவீடுகளுக்குத் தட்டிதான் எளிய வழி. மரம் நட இடமிருந்தால் பனை வகை வேண்டாம், அதற்கு நிழல் குறைவு. தூங்குமூஞ்சி போல விரிந்து படர்வது வேண்டும்.

அஞ்சடியை ஒரு கடை மட்டும் ஒதுக்கிக் கொடுத்துப் பயனில்லை. வரிசையில் நடுவில் ஒன்று அடைத்திருந்தாலும் ஆட்கள் அங்கேயே ரோட்டில் இறங்கிவிடுவார்கள், திரும்ப ஏறுவதில்லை. தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்பே பக்கத்துக் கடைக்காரரிடம் பேசிவிடுங்கள்.